கடை ஷட்டருக்கு என்ன விலை கொடுக்கலாம்?

சரக்குக்கு விலை பேசுவதில் நம் வணிகர்களை யாரும் மிஞ்ச முடியாது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுவோம். ஆனால் அந்தச் சரக்கையெல்லாம் காத்து நிற்கும் ரோலிங் ஷட்டருக்கு வரும்போது, "சதுர அடி என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஷட்டர் பட்டறைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே சதுர அடி விலையைக் குறைத்துச் சொல்லி, வேறு இடத்தில் எடுத்துக்கொள்ள அவருக்கு வழி கிடைக்கிறது. எல்லாப் பட்டறைக்காரர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒழுங்காக வேலை செய்பவருக்கும் இந்தக் குறுக்கு வழியால் நஷ்டம்தான்.

முதலில் அளவு. கடை வாசல் 10 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் நாம் போடும் கணக்கு 80 சதுர அடி. பட்டறைக்காரர் போடும் கணக்கு பெரும்பாலும் அதுவல்ல. இரண்டு பக்கமும் சேனலுக்குள் போகும் பகுதிக்காக அகலத்தில் சில அங்குலம் கூட்டுவார். மேலே பைப்பில் சுற்றி நிற்கும் பகுதிக்காக உயரத்தில் ஓர் அடி கூட்டுவார். பத்தரைக்கு ஒன்பது என்றால் 94.5 சதுர அடி. தகடு உண்மையிலேயே அவ்வளவு தேவைப்படுவதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் வாசல் அளவுக்கும், இன்னொருவர் முழு அளவுக்கும் விலை சொல்லும்போது, இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக மட்டும் போட்ட தொகைகள் இவை. இரும்பு விலைக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். ஒருவர் வாசல் அளவுக்குச் சதுர அடி 260 ரூபாய், பூட்டும் பொருத்துக் கூலியும் உட்பட என்கிறார். மொத்தம் 20,800 ரூபாய். மற்றவர் 215 ரூபாய்தான் என்கிறார். ஆனால் அளவு 94.5 சதுர அடி, ஆக 20,317 ரூபாய் 50 காசு. பூட்டுக்கு 900, வண்டிக்கும் பொருத்துவதற்கும் 1,500. கூட்டினால் 22,717 ரூபாய் 50 காசு. சதுர அடிக்கு 45 ரூபாய் குறைத்துச் சொன்னவரிடம் 1,900 ரூபாய்க்கு மேல் அதிகம் கொடுக்கிறோம். இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே விலை கேட்கும்போது, எந்த அளவுக்கு, எதெல்லாம் உட்பட என்று எழுதி வாங்க வேண்டும். மேலே உருளையை மூடும் தகட்டு உறை, பெயின்ட், சுவரில் ஓட்டை போடும் கொத்தனார் கூலி ஆகிய மூன்றும்தான் கடைசியில் "அது தனி" என்று வருபவை.

கேஜ் என்னும் சூட்சுமம்

அளவைவிடப் பெரிய விஷயம் தகட்டின் கனம். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது இரும்புக் கடைக்காரருக்குப் பால பாடம். ஜவுளிக் கடைக்காரருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர். 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர். 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6248, மூன்றரை மீட்டர் அகலம் வரை 0.90 மில்லிமீட்டரும், அதற்கு மேல் 1.20 மில்லிமீட்டரும் கனம் கேட்கிறது. மூன்றரை மீட்டர் என்பது ஏறத்தாழப் பதினொன்றரை அடி. சாதாரண ஒற்றைக் கடைக்கு 20 கேஜ் போதும். இரட்டை வாசலுக்கும் கிடங்குக்கும் 18 கேஜ் வேண்டும்.

20 என்று சொல்லி 22 மாட்டினால் என்ன ஆகும்? தட்டைத் தகடாகக் கணக்கிட்டால் ஒரு சதுர அடி 20 கேஜ் சுமார் 670 கிராம், 22 கேஜ் சுமார் 520 கிராம். 80 சதுர அடியில் 53 கிலோவுக்குப் பதில் 41 கிலோ. பட்டியாக மடித்துக் கொக்கி கோத்த பின் இரண்டு எடையும் கூடும், ஆனால் விகிதம் மாறாது. நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு இரும்பு குறைகிறது. பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடப்பாரை வைத்து நெம்புகிறவனுக்கு மட்டும் தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது நமக்குக் கஷ்டமே இல்லை. பெயின்ட் அடிக்கும் முன் பட்டறைக்குப் போய், ஹார்டுவேர் கடையில் இரவல் வாங்கிய கேஜ் தகடு வைத்துப் பார்க்கலாம். அல்லது மாட்டுவதற்கு முன் பட்டிச் சுருளை மட்டும் எடை போடலாம். மண்டிக்காரரிடம் மேடைத் தராசு இருக்கிறது. வெங்காயத்தை நிறுக்கும் தராசில் ஷட்டரையும் நிறுக்கலாம். தட்டைத் தகட்டுக் கணக்கையே எட்டாத எடை வந்தால், சொன்ன கேஜ் அதில் இல்லை.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், கடலூர் போன்ற உப்புக் காற்று ஊர்களில் துத்தநாகம் பூசிய தகடு வாங்குவது நல்லது. விலை கூடத்தான் செய்யும். ஆனால் அங்கே சாதாரணத் தகட்டில் அடிப்பட்டியும் சேனலின் கால் பகுதியும்தான் முதலில் துருப்பிடித்து உதிர்கின்றன. பூட்டு மாட்டும் இடமும் அதுவே.

பழுது வேலை

பழுதுக்கு வரும் ஆள் கேட்கும் தொகையில் பொருளின் விலை சிறிது, கூலிதான் பெரிது. இது நியாயமானதே. ஸ்பிரிங் மாற்றப் பைப்பை இறக்க வேண்டும். வளைந்த பட்டி ஒன்றை உருவப் பக்கத்தில் இடமில்லாவிட்டால் சேனலையே கழற்ற வேண்டும். ஆகவே இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றிவிடுவதே சிக்கனம். கூடவே உழைத்த மற்றது சீக்கிரமே போகும். அப்போது கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். வளைந்த பட்டிகள் இருந்தால் அதே நாளில் மாற்றிக்கொள்ளவும்.

ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை மெல்லத் தளர்த்துங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே விழுந்தாலும், மேலே பாய்ந்தாலும் முறுக்கு சரியில்லை. விழும் ஷட்டரைத் தினமும் தோள் கொடுத்துத் தூக்கும் கடைப் பையனின் விரல் நசுங்கினால், ஆஸ்பத்திரிச் செலவு ஸ்பிரிங் விலையைப் போல் பல மடங்கு ஆகும். ஆனால் முறுக்கை நாமே சரிசெய்யப் பைப்பின் போல்ட்டைத் தொடக் கூடாது. முறுக்கிய ஸ்பிரிங் அவிழும் வேகத்தில் கை எலும்பு முறியும்.

சேனலில் கிரீஸை அள்ளிப் பூசுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். மிளகாய் மண்டியிலும் மாவுக் கடையிலும் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகி, ஷட்டர் இன்னும் இறுகும். துடைத்துவிட்டுச் சிறிது எண்ணெய் விட்டால் போதும்.

மோட்டார் பற்றிச் சுருக்கமாக: சுமார் 100 சதுர அடி வரை கையால் தூக்கும் ஷட்டரே போதும். அதற்கு மேல் சங்கிலி கியர் அல்லது மோட்டார். மோட்டார் வாங்கினால், மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கும் சங்கிலி கட்டாயம் வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது தீப்பிடித்தால் வேறு வழியில்லை. சுவிட்ச் பெட்டியை இடுப்புக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். 2015-இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம்.

பணம் கொடுக்கும் முன்

பழைய ஷட்டரின் இரும்பு உங்களுடையது. "கழற்றி எடுத்துப் போகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்" என்று சொன்னால் தாராளம் என்று நினைக்க வேண்டாம். 80 சதுர அடி ஷட்டரில் ஐம்பது கிலோவுக்கு மேல் இரும்பு இருக்கலாம். நிறுத்து, அன்றைய பழைய இரும்பு விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் முடித்தால் வரி மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். மாட்டிய கேஜ், தேதி, உத்தரவாதம் எதற்கும் அப்புறம் சாட்சி இருக்காது. முறையாகப் பதிவு செய்த வணிகர், பழுதுச் செலவாக எழுதும் வேலைக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க வழி இருக்கிறது. கட்டடத்தோடு சேர்த்து மூலதனமாக எழுதினால் சிக்கல் வரும் என்பதால் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரவு கிடையாது.

திருட்டு இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. உடைத்து, பலவந்தமாக நுழைந்த அடையாளம் இருந்தால்தான் அந்தப் பாலிசி பணம் தரும். ஒரு பக்கப் பூட்டுக் கொண்டி உடைந்து மாதக் கணக்கில் அப்படியே கிடந்தால், சர்வேயர் அதைத்தான் முதலில் படம் எடுப்பார்.

வாடகைக் கடை என்றால் செலவு யாருடையது என்ற தகராறு எப்போதும் உண்டு. 2019 பிப்ரவரியில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கேட்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே, புது ஷட்டர் உரிமையாளர் பொறுப்பு, பூட்டும் எண்ணெயும் வாடகைதாரர் பொறுப்பு என்பதுபோல ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் யாருடையது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதற்குத்தான்.

மாட்டிய அன்றே முழுத் தொகையையும் கொடுக்காமல், பத்து நாள் திறந்து மூடிப் பார்த்தபின் தருவதாக ஒரு சிறு தொகையை நிறுத்தி வையுங்கள். புது ஸ்பிரிங் முதல் வாரத்தில் சற்றுத் தளரும். ஒருமுறை வந்து முறுக்கிவிட்டுப் போக வேண்டியிருக்கும். இதையும் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இராது.