கொடிவழி ஏடு எழுதுவோம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

பாட்டனாரின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? அரசர்களின் கொடிவழியைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்து வைத்துள்ளன. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வைத்தார். ஆனால் செய்யூர் வட்டாரத்தில் ஏர் பிடித்தவரும் கட்டுமரம் ஏறியவரும் தம் குடும்ப வரலாற்றை நாவில்தான் வைத்திருந்தனர். அந்த நா ஓய்ந்தால் வரலாறும் ஓய்ந்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நாமே அதனை எழுதிவைக்க வேண்டும்.

பயணமும் கொடிவழியும்

விடுமுறைப் பயணத்திற்கும் கொடிவழிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அரித்துவாரத்தில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள், யாத்திரை வந்தோரின் பெயர், ஊர், முன்னோர் பெயர் ஆகியவற்றை நீண்ட ஏடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றனர். நம் அருகிலுள்ள மாமல்லபுரத்திலோ, மாசி மகத்தன்று இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கடற்கரையில் தங்கிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். அங்கே திருமணம் நடக்கிறது. குழந்தைகளுக்குக் காது குத்தப்படுகிறது. பயணம்தான் உறவினரை ஓரிடத்தில் சேர்க்கிறது. ஆகவே உறவை எழுதிவைக்கவும் அதுவே ஏற்ற வேளை.

எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்று உண்டு. ஒரு காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில், வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன் எடுத்தது. ஒன்பது பேர் நிற்கின்றனர். அவர்களில் இருவர் யாரென்று என் தந்தைக்கே தெரியவில்லை. பாட்டிதான் சொன்னார். ஒருவர் அவருடைய அத்தை மகள், கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். மற்றவர் அன்று வண்டி கட்டிக் கொடுத்தவர். கன்று ஈன்ற பசுவைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்டதால் பெரிய பாட்டி படத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு படத்தால் ஒரு கிளையே கிடைத்தது!

எழுதும் முறை

ஏட்டின் இடப்பக்கத்தில் கொடிவழியையும் வலப்பக்கத்தில் பயணப் படத்தையும் வைக்கலாம். படத்தின் கீழ் இடம், நாள், நிற்பவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை இடமிருந்து வலமாக எழுதுக. வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதையும் குறிக்க. முக்கியமாகப் பெண்களின் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் விடலாகாது. பெரும்பாலான வீடுகளில் முதலில் மறைவது தாய்வழியே ஆகும்.

மொய் நோட்டு, ஜாதகம், திருமண அழைப்பிதழ், பழைய கடிதம் ஆகியவை நல்ல சான்றுகள். நாள் இல்லாத கடிதத்தில் முகவரியே காலத்தைக் காட்டும். செய்யூர் முகவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருந்தால், அம்மாவட்டம் உருவான 1997க்கும் செங்கல்பட்டு மாவட்டம் மீண்டும் அமைந்த 2019க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம்.

பாதுகாக்கும் முறை

மலிவான தாளிலுள்ள லிக்னினும் அமிலமும் அதனைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். ஒட்டும் நாடாவின் பசை படத்தில் கறையாகப் படியும். எனவே அமிலமற்ற தாளில், படத்தின் நான்கு மூலைகளையும் காகித முக்கோணங்களில் செருகி வைப்பதே நலம். உப்புக் காற்றின் ஈரம் படாத உயரத்தில் ஏட்டை வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வீடுகளோடு படங்களையும் பத்திரங்களையும் கொண்டுபோனதை நம் கடற்கரை மக்கள் அறிவர். ஆகவே வெளியூர் உறவினர் வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும். கைப்பேசிப் படங்களில் சிறந்த சிலவற்றையேனும் அச்சிட்டுப் பெயர் எழுதுவோம்.

முன்னோரைப் பற்றிய தாள் ஒன்றும் கைவசம் இல்லாததால் சாதிச் சான்றிதழுக்குப் பல ஆண்டுகள் அலைந்த இருளர் குடும்பங்கள் உண்டு. நம் ஏடு அரசாங்கச் சான்றாகாது. எனினும் எவரை, எவ்வூரில் தேடுவது என்று வழிகாட்டும்.

நண்பர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் தொடங்கப் போதும். கேட்டால் சொல்லும் முதியோர் இன்று நம்முடன் இருக்கின்றனர். வரும் விடுமுறையிலேயே அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதுவோமாக!