குட்டையில் மீன் குஞ்சு விடும்போது கவனம் தேவை

மழை நீரைத் தேக்கிய பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகளை வளர்த்து உபரி வருமானம் பெறலாம். ஆனால் பல குட்டைகளில் குஞ்சு விட்ட முதல் இரண்டு நாளிலேயே பெருஞ்சேதம் நேர்ந்து விடுகிறது. இறந்த சிறு குஞ்சுகள் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். மிதப்பவற்றைப் பறவைகள் கொத்திச் செல்லும். சேதம் கண்ணில் படாததால், இல்லாத மீனுக்குத் தவிடும் பிண்ணாக்கும் போட்டு, அறுவடையன்றுதான் விவசாயி நட்டத்தை அறிகிறார். கீழ்க்காணும் முறைகளைக் கையாண்டால் இதைத் தவிர்க்கலாம்.

குட்டையைத் தயார் செய்தல்

கோடையில் குட்டையை வற்ற வைத்துக் காயவிடுவது சிறந்தது. விரால், கெளுத்தி போன்றவை இருந்தால் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். வற்ற வைக்க முடியாத 10 சென்ட் குட்டையில், நீர் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறைந்திருக்கும்போது 100 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளித்தால் இம்மீன்கள் மடியும். இதன் நச்சு நீங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை புதுக்குஞ்சு விடலாகாது. குஞ்சு விடுவதற்கு ஒரு வாரம் முன்பாக 8 முதல் 10 கிலோ சுண்ணாம்பு இடுதல் வேண்டும்.

குஞ்சு வாங்குதல்

நான்கு அங்குல நீளமுள்ள, சுறுசுறுப்பாக நீந்தும் குஞ்சுகளே நல்லவை. 10 சென்டுக்கு 300 குஞ்சு போதும்: கட்லா 120, ரோகு 90, மிர்கால் 90. தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்துள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில், வெயில் படாமல், ஈரச்சாக்கு போர்த்திக் கொண்டுவர வேண்டும்.

பையைத் திறக்கும் முன்

வந்ததும் பையை அவிழ்ப்பது தவறு. பயணத்தில் குஞ்சுகளின் கழிவால் பை நீரில் அம்மோனியா சேர்கிறது. அவை வெளிவிடும் கரியமிலவாயு நீரைச் சற்றுப் புளிப்பாக வைத்திருப்பதால் அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி நச்சு தலைதூக்கும். ஆகவே திறந்த பையில் குஞ்சுகளை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது.

கட்டிய பையை அப்படியே குட்டை நீரில், நிழலான இடத்தில் 20 நிமிடம் மிதக்க விட வேண்டும். இதனால் உள்ளும் புறமும் வெப்பம் சமமாகும். வெயிலில் மிதக்க விட்டால் பை நீர் சூடேறிக் குஞ்சுகள் மடியும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை குட்டை நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

உப்புக் குளியல்

10 லிட்டர் குட்டை நீரில் 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து, குஞ்சுகளைச் சிறுவலையில் சிறிது சிறிதாக எடுத்து இரண்டு நிமிடம் விட்டால் மேலே ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகள் பல விலகும். குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மிகவும் சோர்ந்த குஞ்சுகளுக்கு இக்குளியல் வேண்டாம். பின்னர் வலையை நீரில் அமிழ்த்திச் சாய்த்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்திச் செல்லும். மேலிருந்து கொட்டக் கூடாது. பை நீரையும் குட்டையில் ஊற்றாமல் கரைக்கு அப்பால் கொட்ட வேண்டும்.

விடும் நேரம்

காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் விடுவது நலம். விடியுமுன் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. பிற்பகலிலோ நீர் சூடாகிக் காரத்தன்மையும் ஏறியிருக்கும்.

சேதத்தைக் கணக்கிடுதல்

கொசுவலை போன்ற நெருக்கமான வலையைப் பெட்டிபோல் தைத்து, நான்கு கழிகளில் கட்டிக் குட்டைக்குள் நிறுத்த வேண்டும். விடும் குஞ்சுகளில் 50ஐ எண்ணி அதில் விட்டு, இரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து இறந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு சேதம். குட்டையில் 30 குஞ்சு குறைந்திருக்கும் எனக் கொண்டு அவற்றை ஈடுசெய்யலாம். பாதிக்கு மேல் இறந்திருந்தால் நீரிலோ குஞ்சிலோ குறை இருக்கிறது. காரணம் அறியாமல் மீண்டும் குஞ்சு விடுவது வீண்செலவு. மீன்வள அலுவலரிடம் நீரைக் காட்டி யோசனை பெற வேண்டும்.

முதல் நாள் தீவனம் வேண்டாம். மறுநாள் முதல், உயிருடன் உள்ள குஞ்சுகளின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து இடலாம். 10 கிராம் எடையுள்ள 300 குஞ்சுக்கு இது நாளொன்றுக்கு 150 கிராம் ஆகும். குஞ்சுகளின் எண்ணிக்கை தெரிந்தால்தான் தீவனக் கணக்கும் சரியாக அமையும். வலைப்பெட்டிக்கு ஆகும் சிறு செலவு ஓராண்டுத் தீவனம் வீணாகாமல் காக்கும்.