திரையில் 7 மீட்டர், வாசலில் தண்ணீர்

கேள்வி: திருவொற்றியூரில் பக்கிங்காம் கால்வாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூகுள் எர்த்தில் பார்த்தால் எங்கள் தெரு 7 மீட்டர் உயரம், கடற்கரைப் பக்கம் இருக்கும் நாத்தனார் தெரு 5 மீட்டர். ஆனால் 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள்தான் தண்ணீர் புகுந்தது. எண்ணெய்க் கறை இன்னும் சுவரில் இருக்கிறது. செல்போன் செயலியோ மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டுகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு பேஸ்மட்டத்தை உயர்த்தலாம் என்றிருக்கிறோம். எந்தக் கணக்கை நம்புவது?

— வாசகி, திருவொற்றியூர்

பதில்: மைனஸ் 80-ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்புவிசை குறைவு என்பதால், அங்கே கடல்மட்டமே அந்த உருண்டையைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் தாழ்வின் விளிம்பில்தான் சென்னை இருக்கிறது. உங்கள் செயலி இதைத் திருத்திக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

7, 5 என்ற எண்களையும் நம்ப வேண்டாம். இப்படி இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் புழங்குவது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்தது. அதில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண். ரேடார் அலை தரையை மட்டும் தொடுவதில்லை. மாடியிலும் மரத்திலும் பட்டுத் திரும்புகிறது. நெருக்கமான வீடுகள், கன்டெய்னர் அடுக்குகள், நிலக்கரிக் குவியல்கள் எல்லாம் மேடாகிவிடும். பிழை சில மீட்டர் இருக்கும். கொடைக்கானலில் அது பெரிய விஷயமில்லை. ஓரடித் தண்ணீரில் பிரிட்ஜும் மெத்தையும் போய்விடும் ஊரில் அதை வைத்து வீடு கட்ட முடியாது.

ஆனாலும் கூகுள் எர்த்தை நான் விடமாட்டேன். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, கடற்கரையிலிருந்து மணலி வரை ஒரு கோடு போட்டு, அதன் உயர வெட்டுமுகத்தைப் பாருங்கள். கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். தனித்தனிப் பல்லைப் பார்க்காமல் மொத்த வடிவத்தைக் கவனியுங்கள். கடலோரமாக ஒரு மணல்மேடு, அதற்கு மேற்கே தாழ்வு, அந்தத் தாழ்வில் கால்வாய். கிழக்கே கடல் இருக்கிறது, மழைத்தண்ணீர் அங்கே போய்விடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் பெய்த மழை மேற்கே கால்வாய்க்கு இறங்கி, வடக்கே எண்ணூர் முகத்துவாரம் போய்த்தான் கடலைப் பார்க்கிறது. அங்கே கடல் ஏறி நின்றாலோ, கொசஸ்தலையாறு பெருகி வந்தாலோ கால்வாய்த் தண்ணீருக்குப் போக வழியில்லை. உங்கள் தெருவுக்குத் திரும்பிவிடும். மணலிப் பக்கம் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் உங்கள் சுவருக்கு வந்ததும் இந்தக் கால்வாய் வழியாகத்தான்.

அதே மென்பொருளில் பழைய ஆண்டுப் படங்களையும் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் எங்கெல்லாம் தண்ணீர் பரவி நின்ற இடம் அனல்மின் நிலையச் சாம்பல் குளமாகவும் துறைமுக முற்றமாகவும் ஆகியிருக்கிறது என்று தெரியும். அவ்வளவு தண்ணீர் தங்கிய இடம் போனால் அது வேறெங்கோ தங்கத்தானே வேண்டும்? எனக்கு மனம் பதறுவது அங்கேதான்.

சரி, பேஸ்மட்டத்துக்கு வருவோம். உங்களிடம் விண்கலத்தைவிடத் துல்லியமான அளவு ஒன்று இருக்கிறது. தேங்கி நின்ற தண்ணீர் எல்லா வீட்டிலும் ஒரே மட்டத்தில்தான் நின்றிருக்கும். எண்ணெய்க் கோட்டிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகளிலும் அளந்தால், தெருவில் எந்த வாசல் எவ்வளவு பள்ளம் என்று அங்குலக் கணக்கில் கிடைத்துவிடும். கறை போன வீட்டுக்கு, கொத்தனாரின் டியூப் லெவலால் உங்கள் கோட்டை அங்கே கொண்டுபோகலாம். புதுத் தரை அந்தக் கோட்டுக்கு மேலே குறைந்தது ஓரடியாவது இருக்கட்டும். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்வதையும் மனதில் வையுங்கள்.

வெள்ளையடிக்கும் முன், அந்தக் கோட்டின் மேல் உளியால் ஒரு கீறல் போட்டு, பக்கத்தில் தேதியையும் செதுக்கிவிடுங்கள்.