அகல் விளக்கில் ஒரு சமூக அறிவியல் பாடம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பீங்கான் அகல் விளக்குகளும் பொம்மைகளும் செய்யப்படுகின்றன. கார்த்திகை அகல் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து, அதில் ஊர்ப்பெயர் உள்ளதா என மாணவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

ஜப்பானின் அரித்தா நகரப் பீங்கான் ஊர்ப்பெயராலேயே உலகெங்கும் விற்கிறது. மரபுக் கைவினைத் தொழில்களை மேம்படுத்த அந்நாடு 1974இல் சட்டம் இயற்றியது. அன்றாடப் பயன்பாடு, பெரும்பாலும் கைவேலை, மரபான நுட்பம், மரபான மூலப்பொருள், குறிப்பிட்ட வட்டாரத்தில் பலர் செய்யும் தொழில் ஆகிய ஐந்தும் இருந்தால் அரசு ஏற்பு கிடைக்கும்.

செயல்பாடு: இந்த ஐந்தையும் நம் அகலுக்குப் பொருத்திப் பார்த்து, குழுவாக அட்டவணை தயாரிக்கலாம். அச்சில் வார்ப்பது கைவேலையா என விவாதிக்கலாம்.

ஊரும் செய்முறையும் தெரியாத பொருளை வாங்குபவர் விலையை மட்டுமே பார்ப்பார். அவை தெரிந்தால், செய்தவரின் உழைப்புக்கும் உரிய விலை கேட்க முடியும். மாணவர்கள் இதை உணர்வதே இப்பாடத்தின் கற்றல் விளைவு.