பெற்றோருக்கு மறதி நோய்: வீட்டில் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா?



இது எல்லாக் குடும்பத்துக்கும் என்றாவது வரக்கூடிய ஒரு சங்கடம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, உள்ளுக்குள் வைத்துக் குமைந்து போகிறவர்கள் அதிகம். ஆகவே இதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் 20 நாள் வெளியூர். மனைவி நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு பிள்ளைகள். கணவரின் தாயாருக்கு வயது 74. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு, "எங்கம்மா தேடும், நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். விடியற்காலையில் ஏரிக்கரையில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஒரு வருஷமாக அந்த மருமகள் இரவில் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. இதற்கிடையில் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏங்க, நான் ஆஸ்பத்திரியில படுத்தா அத்தையை யாரு பாக்கறது?"

"அதுக்காக எங்கம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்."

"ஊரு வந்து ஒரு ராத்திரி முழிச்சிருக்குமா?"

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். இதில் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முடிவு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதுமை மறதி வேறு, மறதி நோய் வேறு

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதானால் சகஜம். சாவி எதற்கு என்பதே மறந்துபோனால் அது நோய். காலையில் என்ன குழம்பு என்று மறப்பது சாதாரணம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில், "எனக்கு இந்த வீட்டுல சோறே போடல" என்று தெருவில் போய்ச் சொன்னால் அது நோய். பழகின பாதையில் வழி தவறுதல், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமை, பொழுது சாய்ந்ததும் பரபரப்பு, காரணமில்லாச் சந்தேகம் ஆகியவையும் அறிகுறிகளே.

இது மூளையில் ஏற்படும் நோய். 1906ஆம் ஆண்டில் அல்சைமர் என்ற ஜெர்மனி தேசத்து டாக்டர் இதன் முக்கியமான வகையை முதன்முதலில் விவரித்தார். 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். எனவே இது செய்வினையும் அல்ல, பைத்தியமும் அல்ல, மருமகளைப் படுத்துவதற்காகக் கிழவி போடும் வேஷமும் அல்ல.

முதலில் டாக்டர், பிறகுதான் மற்றவை

இல்லத்தைப் பற்றி யோசிக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஏனென்றால் மறதி போலத் தோன்றும் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை அதிகமாதல் ஆகியவை அவற்றில் சில. இரண்டே நாளில் திடீரென்று பிதற்றல் வந்தால் மூத்திரத் தொற்றோ, நிமோனியாவோ, உடம்பில் உப்பு குறைந்ததோ இருக்கலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரி. காது கேட்காதவரையும் கண் புரை உள்ளவரையும்கூட "நினைவு தப்பிப் போச்சு" என்று ஒதுக்கி வைத்த வீடுகள் உண்டு.

உண்மையான மறதி நோய் என்றால் முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. சிலருக்குச் சில காலம் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. மற்றபடி பராமரிப்புதான் வைத்தியம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதானால்

நோயின் ஆரம்பத்தில் பழகிய வீடே நல்லது. அதே திண்ணை, அதே தட்டு, அதே நேரத்தில் சாப்பாடு இருக்கட்டும். எதிர்த்து வாதாட வேண்டாம். "எங்கம்மா தேடும்" என்றால், "உங்கம்மா செத்து 40 வருஷமாச்சு" என்று சொல்லி அழவைக்கக் கூடாது. "சரி அத்தை, காப்பி குடிச்சுட்டுப் போகலாம்" என்று பேச்சை மாற்றுங்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். கிணற்றுக்கு மூடி போடுங்கள். ரவிக்கையிலோ சட்டையிலோ உள்பக்கமாக உங்கள் போன் நம்பரைத் தைத்து வையுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அவர் உங்களைப் பெற்ற தாய். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் மருமகள் கடமை என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. அக்கா தங்கை, அண்ணன் தம்பி எல்லோரையும் கூட்டி வைத்து, யார் எந்த மாதம் பார்ப்பது, யார் பணம் தருவது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது இல்லத்தைப் பற்றி யோசிக்கலாம்?

ஒன்று, இரவில் வெளியேறிப் போய் உயிருக்கு ஆபத்து வரும் நிலை. இரண்டு, தூக்கிப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும், வீட்டில் ஒரே ஆள் என்ற நிலை. மூன்று, பார்த்துக்கொள்பவரே நோயில் விழும் நிலை. நான்கு, பொறுமை எல்லை மீறிக் கை ஓங்குகிற நிலை. கடைசியில் சொன்னதைக் கேட்டு வெட்கப்பட வேண்டாம். அடித்துவிட்டு அழுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கை ஓங்கும் வீட்டை விட, பொறுமையாகப் பார்க்கும் இல்லம் மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பு முக்கோணம் போட்ட சுவரின் கீழ் நின்று, சிறு குடும்பமே சீரான குடும்பம் என்று ஊர் ஊராகச் சொன்னது எங்கள் இலாகாதான். உங்கள் பெற்றோர் அதைக் கேட்டார்கள். பிள்ளைகள் படித்தார்கள், பசி குறைந்தது. ஆனால் அன்று ஆறு பிள்ளைகள் பங்கிட்ட பாரத்தை இன்று இருவர் சுமக்கிறீர்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில் என்றால் அதுவும் இல்லை. ஆகவே உதவி தேடுவது உங்கள் குற்றம் அல்ல. சிறு குடும்பத்தைப் பற்றிப் பேசிய நாங்கள், சிறு குடும்பத்தின் முதுமையைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எந்த மாதிரி இல்லம்?

முதியோர் இல்லம் எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலான சாதாரண இல்லங்கள், தன் வேலையைத் தானே செய்துகொள்பவரைத்தான் சேர்க்கும். அங்கே நோயை மறைத்துச் சேர்க்காதீர்கள். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறதி நோயாளிகளுக்கென்றே உள்ள இல்லங்கள் குறைவு, அநேகமாகப் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இடங்களும், ஒரு மாதம் இரண்டு மாதம் மட்டும் வைத்துக்கொள்ளும் இடங்களும் சில உண்டு. மேலே சொன்ன குடும்பத்துக்குத் தேவைப்பட்டது இந்தக் கடைசி வகைதான். இல்லம் என்றால் நிரந்தரம் என்று நினைத்தே இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

போனில் பேசி முடிவு செய்யக் கூடாது. நோட்டீஸில் உள்ள படத்தைப் பார்த்தும் கூடாது. இருவரும் போங்கள். குறைந்தது இரண்டு முறை போங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு, ஒரு முறை சொல்லாமல். சாப்பாட்டு நேரமோ, சாயங்காலம் 5 மணிக்கு மேலோ போவது நல்லது. மறதி நோயாளிகளுக்குப் பரபரப்பு கூடும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஊழியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

1. உள்ளே நுழைந்ததும் மூத்திர நாற்றம் அடிக்கிறதா? இருப்பவர்களின் நகம், தலை, துணி சுத்தமாக இருக்கின்றனவா?

2. யாரையாவது கட்டிலோடோ நாற்காலியோடோ கட்டி வைத்திருக்கிறார்களா? பகல் முழுவதும் எல்லோரும் தூங்கி வழிகிறார்களா? அப்படியானால் டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

3. பகலில் எத்தனை பேருக்கு ஓர் ஊழியர்? இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? பெண்களுக்குப் பெண் ஊழியர் உண்டா? அவர்களுக்குத் தமிழ் தெரியுமா?

4. தரை வழுக்குகிறதா? கக்கூசில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இரவில் விளக்கு எரியுமா? வெளிக்கதவுக்குக் காவல் உண்டா?

5. தானாகச் சாப்பிட முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார்கள்? உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, படுக்க வைத்தா? படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலில் சோறு போய்விடும்.

6. மாதாமாதம் எடை பார்க்கிறார்களா? சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை யார் கொடுக்கிறார்கள், எங்கே எழுதி வைக்கிறார்கள்? டாக்டர் எப்போது வருவார்? அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?

7. நடக்க, பூக்கட்ட, காய் நறுக்க, பாட்டுக் கேட்க ஏதாவது உண்டா? வெயில் படும் முற்றம் உண்டா?

8. நாம் நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா? "மூணு மாசத்துக்கு வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

9. மாதக் கட்டணத்தில் மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரிச் செலவு சேர்ந்ததா, தனியா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் ரசீது உண்டா?

10. கடைசிக் காலம் நெருங்கினால் என்ன செய்வார்கள்? முதலில் யாருக்குச் சொல்வார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா? கேட்கச் சங்கடமான கேள்வி, கேட்காமல் விட்டால் பின்னால் இதைவிடச் சங்கடம்.

இல்லம் பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்திலும் விசாரியுங்கள். அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டில் வந்தது. மூத்தவர்களைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர், கைவிடும் எண்ணத்தோடு அவர்களை எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம் என்று அது சொன்னது. நல்ல இல்லத்தில் சேர்த்து, பணம் கட்டி, போய்ப் பார்த்து வருவது கைவிடுவது ஆகாது. கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் விட்டு வருவதுதான் கைவிடுவது.

நினைவு தவறியவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்காதீர்கள். அது பாவம் மட்டுமல்ல, வழக்கும் ஆகும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யவும் அச்சட்டத்தில் இடம் உண்டு.

சேர்த்த பிறகு

அவருடைய போர்வை, டம்ளர், சாமி படம், குடும்பப் போட்டோ ஆகியவற்றைக் கூடவே அனுப்புங்கள். அவருக்குப் பிடித்தது, பயப்படுவது, கூப்பிட்டால் திரும்பும் செல்லப் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் சில வாரம் அழுவார், "வீட்டுக்குப் போகலாம்" என்பார். அடிக்கடி போங்கள். போகும்போது உடம்பில் காயமோ படுக்கைப்புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்களை அடையாளம் தெரியாமல் போனாலும் போங்கள். பெயர் மறந்தாலும், கையைப் பிடித்தவர் நல்லவரா கெட்டவரா என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

அந்தக் குடும்பம் என்ன செய்தது?

மூன்று இல்லங்களைப் பார்த்தார்கள். முதலாவதில் ஒரு முதியவரின் கையைக் கட்டிலில் துணியால் கட்டியிருந்தது, திரும்பிவிட்டார்கள். இரண்டாவதில் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. மூன்றாவது பழைய கட்டடம்தான். ஆனால் ஓர் ஊழியப் பெண் பாட்டி ஒருவருக்குத் தலைவாரிக்கொண்டே, அவர் பத்தாவது முறை கேட்ட அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு மாதம் வைத்தார்கள். மருமகளுக்கு ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியது. கணவர் வாராவாரம் போய் வந்தார். தாயார் அவரைத் தன் தம்பி என்று நினைத்து, "அம்மா சௌக்கியமா?" என்று கேட்பாராம். அவரும், "சௌக்கியம்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுவாராம்.

இப்போது தாயார் வீட்டில் இருக்கிறார். இரவுக்கு உதவியாகக் கணவரின் தங்கை மாதத்தில் பத்து நாள் வந்து தங்குகிறார். இனியும் முடியாத நாள் வரலாம். வந்தால் எங்கே போவது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பேசி வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் ஒன்று

2024ஆம் ஆண்டில் உலக வல்லுநர் குழு ஒன்று, மறதி நோயில் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று கூறியது. 40 வயதானதும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். பீடி, சிகரெட், சாராயத்தை விடுங்கள். காது மந்தமானால் கவனியுங்கள். நடந்து பழகுங்கள்.

முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்களில் கூப்பிடலாம். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்: பெற்றோர் நினைவை இழக்கலாம். நாம் அவர்களை மறக்கக் கூடாது.