கங்கையில் ராஃப்டிங்: படகில் ஏறும் முன்...

ரிஷிகேஷ் போகும்போது ராஃப்டிங்கும் திட்டத்தில் இருக்கிறதா? இவற்றைக் கவனியுங்கள்.

* ஜூலை, ஆகஸ்டில் வெள்ளம் காரணமாக ராஃப்டிங் கிடையாது. அக்டோபர், நவம்பரும் மார்ச் முதல் மே வரையும் ஏற்ற மாதங்கள்.

* முதல்முறை போகிறவர்களுக்கு பிரம்மபுரியிலிருந்து சுமார் 9 கி.மீ. பயணம் போதும். சிவபுரியிலிருந்து கிளம்பினால் சுமார் 16 கி.மீ.; 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' போன்ற பெரிய அலைகள் அந்த வழியில்தான்.

* ஜீன்ஸ், துப்பட்டா வேண்டாம். சீக்கிரம் காயும் உடையும் வார் வைத்த செருப்பும் நல்லது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள்.

* லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் வார்களை இன்னும் இறுக்க வேண்டும்.

* துடுப்பின் மேல்முனையில் உள்ள கைப்பிடியை உள்ளங்கையால் மூடியே பிடியுங்கள். விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

* தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள்; பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஆபத்து. மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதங்கள்.

* கைடு வீசும் கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

* இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. நீச்சல் தெரியாவிட்டால் கிளம்பும் முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள்.