குளிர்சாதனப் பெட்டியும் கொல்லா நெறியும்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் நம் இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தோம். பின்புறம், நீர் வடியும் தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கொட்டினால் அவை மடியும். விட்டுவைத்தால் கொசுவாகி டெங்கு முதலிய நோய்களைப் பரப்பக்கூடும். கனத்த மனத்துடன் தட்டைக் கவிழ்த்தோம். எதைச் செய்யினும் தீங்கே என்னும் நிலைக்கு நம்மைத் தள்ளியது நம் அசட்டையேயன்றி வேறன்று.

விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு விளைத்தலையே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி முனிவர் வரையறுக்கிறார். பொருள்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களைக் கருதி நடத்தல் ஆதான நிக்ஷேபண சமிதி எனப்படும். துறவியர் மயிற்பீலியால் மெல்ல வருடி உயிர்களை விலக்கிய பின்னரே பொருளை எடுப்பர், வைப்பர். இல்லறத்தாராகிய நாமும் அடுக்களையில் இதனை இயன்றவரை கைக்கொள்ளலாம்.

குளிர் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் நிறுத்தாது. பெட்டியினுள் வெப்பநிலை 4 டிகிரி செல்சியசுக்கு மேற்படாதிருத்தல் நன்று. மாதம் ஒருமுறை முழுத்தூய்மை செய்யும் முறை வருமாறு:

1. சுவிட்சை நிறுத்தி, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்றுக. கம்பியைப் பற்றி இழுத்தலாகாது.

2. பெட்டியை நகர்த்துமுன் அடியிலும் பின்னும் உள்ள எறும்பு முதலியவற்றை மென்மையான துடைப்பத்தால் விலக்குக.

3. உறைபனியைக் கத்தியால் சுரண்டற்க. அது தானே உருகட்டும். உறைபனிக்குப் பின்னே குளிர்வாயுக் குழாய் உள்ளது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும் வாயுவாகும்.

4. கண்ணாடித் தட்டுகளின் குளிர்ச்சி நீங்கிய பின்னரே வெந்நீரில் கழுவுக. இல்லையேல் விரிசல் காணும்.

5. ஒரு லிட்டர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, மென்துணியால் உட்புறத்தைத் துடைக்க. பிளீச்சிங் நீரையும் வினிகரையும் ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும்.

6. கதவின் ரப்பர்ப் பட்டையின் மடிப்புகளில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் படரும். அவற்றைத் துடைத்து உலர்த்துக.

7. சூடு தணிந்தபின் பின்தட்டின் நீரை அகற்றி, ஈரமறத் துடைக்க. பனி உருக்கும் பெட்டியாயின் உருக்கிய அன்றே இதனைச் செய்க. பனி தானே உருகும் பெட்டியில் அந்நீர் பெரும்பாலும் ஆவியாகிவிடும். எனினும் மழைக்காலத்தில் அடிக்கடி கவனித்தல் வேண்டும்.

8. எல்லாம் நன்கு உலர்ந்தபின் மின்னிணைப்புத் தருக.

மிஞ்சிய உணவை நாட்கணக்கில் அடைத்துவைத்துக் கெடவிடாமல் அளவறிந்து சமைத்தலும் இவ்வொழுக்கத்தின் பகுதியே. தோன்றிய உயிரை அழிப்பதற்கன்று, வீணே தோன்றி மடிய இடமளியாமைக்கே தூய்மை செய்கிறோம். மாதந்தோறும் சதுர்த்தசிக்கு முந்திய நாளை இதற்கெனக் குறித்துக்கொண்டு, நம் பிள்ளைகளையும் உடன்வைத்துப் பழக்குவோமாக.